காற்றாலைக்கும் சோலார் தகடுக்கும் எந்த ஊரில் பொருத்தம்? – வாசகர் கேள்வி, பதில்

மலேசியாவில் செம்பனை ஆலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சார்ஜ்மேனாக, அதாவது மின்சாரப் பொறுப்பாளராக, வேலை பார்த்தவன் என்பதால் மின்சாரக் கேள்விகளை இதழாசிரியர் என்னிடம் அனுப்பிவைப்பது வழக்கம். இந்த மாதம் வந்தவற்றுள் பெரும்பாலானவை காற்றையும் வெயிலையும் சேர்த்து மின்சாரம் எடுப்பது பற்றியவையாக இருந்ததால், மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன்.

கேள்வி: சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் தமிழ்நாட்டுக்குச் சென்றபோது ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகக் கன்னியாகுமரிக்குப் போனோம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன. எங்கள் தோட்டத்துக் கோயில் மேட்டிலும் காற்று நன்றாகத்தான் வீசுகிறது. அங்கே சிறியதாக ஒரு காற்றாலையும் நாலைந்து சோலார் தகடுகளும் வைத்தால் கோயிலுக்கும் பக்கத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கும் மின்சாரம் கிடைக்காதா, ஐயா?
– ஆலய நிர்வாகக் குழு உறுப்பினர், சுங்கை சிப்புட்

பதில்: அந்த மேட்டுக் காற்றை நானும் அனுபவித்திருக்கிறேன், திருவிழா நாளில் தோரணம் படபடக்கும், வேர்வை காயும், மனத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் உடம்புக்கு இதமான காற்று வேறு, இயந்திரத்துக்குப் போதுமான காற்று வேறு. காற்றில் உள்ள ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. அதாவது வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்காகும், வேகம் நான்கு மடங்கானால் அறுபத்து நான்கு மடங்காகும். இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானே விளங்கிவிடும்.

2 மீட்டர் குறுக்களவு கொண்ட ஒரு காற்றாடிச் சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 2.5 மீட்டர், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது, அந்தச் சக்கரத்தின் பரப்பு வழியாகச் செல்லும் காற்றில் இருக்கும் மொத்த ஆற்றலே ஏறத்தாழ 29 வாட்தான். எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் அதில் 59 விழுக்காட்டுக்கு மேல் பறிக்க முடியாது என்பதை ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-ஆம் ஆண்டிலேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். நடைமுறையில் சிறிய காற்றாடிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம். ஆக, 10 வாட்டுக்கும் கீழே. இதே சக்கரம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நொடிக்கு 10 மீட்டர் காற்றில் நின்றால் 600 வாட் தரும். சக்கரம் அதேதான், ஊர்தான் வேறு.

நம் நாட்டின் பெரும்பாலான வானிலை நிலையங்களில் காற்றின் ஆண்டுச் சராசரி வேகம் நொடிக்கு 3 மீட்டரைத் தொடுவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் காற்றழுத்த வேறுபாடு குறைவு. அதோடு சுங்கை சிப்புட்டுக்குக் கிழக்கே தித்திவங்சா மலைத்தொடரும் மேற்கே கெலேடாங் மலைகளும் நிற்கின்றன. போதாக்குறைக்குச் சுற்றிலும் செம்பனை. முற்றிய செம்பனை மரம் 10 மீட்டருக்கு மேல் வளரும். அதன் தலைக்கு மேலேயும் அதே அளவு உயரம்வரை காற்று சீராக ஓடாமல் கலங்கிப் புரண்டுகொண்டிருக்கும்.

கணக்குத் தெரிந்த வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிட்டு, காற்று எப்போதும் சராசரி வேகத்திலா வீசுகிறது, பலமாக வீசும் நேரங்களை ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதைச் சேர்த்தால் ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்காகும். அப்படி இரட்டித்தாலும் நாள் முழுவதும் சேர்ந்து அரை யூனிட்டைத் தாண்டாது. கோயில் கூரையில் 430 வாட் தகடு ஒன்றை நிழல் படாமல் வைத்தால், நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளொன்றுக்கு ஒன்றரை யூனிட் தரும். சுழலும் பாகம் கிடையாது, கம்பம் நட வேண்டாம், எண்ணெய் போட வேண்டாம். காற்றாலைக்கு ஒதுக்கிய பணத்தையும் தகட்டிலேயே போடுங்கள்.

கேள்வி: அப்படியானால் இரண்டையும் சேர்ப்பதில் என்னதான் பயன்? வெயில் உள்ள ஊரில் தகடும் காற்று உள்ள ஊரில் காற்றாலையும் தனித்தனியே வைத்துவிட்டுப் போகலாமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், பாடாங் செராய்

பதில்: வைக்கலாம், உலகில் பெரும்பாலும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். சேர்ப்பதன் பயனைப் புரிந்துகொள்ளத் தகட்டையும் காற்றாலையையும் மறந்துவிட்டு, அவற்றிலிருந்து புறப்படும் மின்கம்பியைப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு கிலோவாட் சோலார் தகடு ஆண்டுக்கு 1,300 யூனிட் அளவில் தருகிறது. அது இரவும் பகலும் முழுத்திறனில் ஓடியிருந்தால் 8,760 யூனிட் தந்திருக்கும். அதாவது தகட்டுக்கென்று இழுத்த கம்பியும் அதற்கென்று கட்டிய துணைமின் நிலையமும் தம் கொள்ளளவில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் உழைக்கின்றன. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஆறு மணிக்குப் பின்பும் அவை சும்மா நிற்கின்றன. ஆள் வராத கல்யாண மண்டபத்துக்கு வாடகை கொடுப்பது போலத்தான் இது. அதே கம்பியில் இரவிலும் மழை மாதங்களிலும் மின்சாரம் அனுப்பக்கூடிய இன்னொரு மூலத்தைக் கட்டினால், கம்பிக்குப் போட்ட முதலீடு இரண்டு பேருக்குப் பங்காகிறது. நிலமும் காவலும் பொதுவாகின்றன.

ஆனால் அந்த இரண்டாவது மூலம் முதலாவது படுத்திருக்கும் நேரத்தில் எழுந்து நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தமிழ்நாட்டில் மே மாதத்திலிருந்து செப்டம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று கணவாய்களின் வழியாகப் பாய்கிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னது அந்தப் பகுதிக் காற்றைப் பார்த்துத்தான் என்றே நினைக்கிறேன். அப்போது காற்றாலைகள் இரவிலும் ஓடும். காற்று ஓய்ந்த பிறகு, தை தொடங்கிப் பங்குனிவரை வானம் தெளிந்து தகடுகளின் காலம் வரும். ஒன்று போக ஒன்று வருகிறது. இதுதான் சரியான சேர்க்கை.

இந்தியா 2018-இல் காற்று – சூரியக் கூட்டு மின்னுற்பத்திக்கென்று ஒரு தேசியக் கொள்கையை வெளியிட்டது. பேருக்கு ஒரே ஒரு காற்றாலையை நட்டுவிட்டுக் கூட்டு நிலையம் என்று சொல்லிக்கொள்வதைத் தடுக்க, ஒன்றின் திறன் மற்றதன் திறனில் குறைந்தது 25 விழுக்காடாக இருக்க வேண்டும் என்று அதில் வரையறுத்தார்கள். 2022 செப்டம்பரில் ராஜஸ்தானின் ஜெய்சால்மரில் இயங்கத் தொடங்கிய கூட்டு நிலையத்தில் சோலார் 600 மெகாவாட், காற்று 150 மெகாவாட். கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 25 விழுக்காடு வரும்! இரண்டையும் கூட்டினால் 750 ஆனாலும் விற்பனை ஒப்பந்தம் என்னவோ 600 மெகாவாட்டுக்குத்தான், ஏனென்றால் இரண்டும் ஒரே நொடியில் உச்சத்தைத் தொடுவது அரிது. தொட்டால் அந்தச் சிறு நேரத்துக்குக் கொஞ்சம் மின்சாரத்தை விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஈப்போவில் ஒரு கடையில் "ஹைபிரிட் சோலார்" என்று விலை சொன்னார்கள். அதில் காற்றாடி எதுவும் இல்லையே! ஏமாற்றுகிறார்களா?
– இல்லத்தரசி, தாமான் குடியிருப்பாளர், சுங்கை சிப்புட்

பதில்: ஏமாற்றில்லை, அம்மா. கடைக்காரர் சொல்லும் ஹைபிரிட் என்பது இன்வெர்ட்டரை, அதாவது தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் கருவியைக் குறிப்பது. தகடு, பேட்டரி, வெளியிலிருந்து வரும் மின்கம்பி ஆகிய மூன்றோடும் இணைந்து வேலை செய்யும் இன்வெர்ட்டருக்கு அந்தப் பெயர். விலை கேட்கும்போது பேட்டரியும் சேர்த்தா, எத்தனை யூனிட் கொள்ளளவு, மின்தடை வந்தால் முழு வீட்டுக்கும் வருமா அல்லது விளக்கு, மின்விசிறிக்கு மட்டுமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடிமின்னலால் வரும் திடீர் மின்னழுத்தத்தைத் தடுக்கும் கருவியையும் கேளுங்கள்; நம் ஊருக்கு அது கட்டாயம் வேண்டும்.

கேள்வி: எங்கள் தமிழ்ப்பள்ளி வாசலில், உச்சியில் சிறு காற்றாடியும் அதன் கீழே சோலார் தகடும் கொண்ட தெருவிளக்குகள் இரண்டைப் பொருத்தித் தருவதாக ஒருவர் வந்து பேசினார். பிள்ளைகளுக்கும் பாடமாக இருக்கும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பலருக்கு விருப்பம். ஏற்கலாமா?
– சங்கப் பொருளாளர், கோலாகங்சார் வட்டாரம்

பதில்: நன்கொடை என்றால் கும்பிட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சங்கத்துப் பணம் என்றால், காற்றாடியை நீக்கிவிட்டு அந்த விலைக்குப் பெரிய தகடும் பெரிய பேட்டரியும் தர முடியுமா என்று கேளுங்கள். நான் இப்படிச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவரின் மகன், இணையத்தில் 400 வாட் என்று எழுதியிருந்த செங்குத்துக் காற்றாடி ஒன்றை வாங்கிக் கடைவரிசையின் மேல்மாடியில் பொருத்தினார். பார்க்க அழகாகச் சுழன்றது. கீழே ரொட்டி சானாய் சாப்பிட வந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போவார்கள். ஒரு மாதம் ஆகியும் பேட்டரி ஏறவில்லை என்று என்னை அழைத்தார். நான் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு ஏறினேன். காற்றாடியிலிருந்து வரும் கம்பியில் 7 வோல்ட் காட்டியது. பேட்டரியோ 12 வோல்ட் பேட்டரி. உள்ளே இருப்பதைவிட வெளியிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகுந்தால்தான் மின்னோட்டம் பேட்டரிக்குள் போகும். தாழ்வான குழாயிலிருந்து மேல்மாடித் தொட்டிக்குத் தண்ணீர் தானாக ஏறுமா? ஆக, சக்கரம் நாள் முழுவதும் சுழன்றது உண்மை, பேட்டரிக்குள் ஒரு துளியும் போகாததும் உண்மை. அது போதாதென்று கட்டுப்பாட்டுப் பெட்டியின் சிறு விளக்கு பேட்டரியிலிருந்து மின்சாரத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது!

பிறகு ஒரு நாள் விடியற்காலையில், மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்திரா காற்று மழையோடு அடித்தது. தம்பி அந்த நேரத்தில் மாடிக்குப் போய் மீட்டரைப் படமெடுத்து அனுப்பினார். 11 ஆம்பியர் காட்டியது. அவருக்கு ஆனந்தம். இருபது நிமிடத்தில் காற்று அடங்கிவிட்டது. அந்த இருபது நிமிடமும் அதே அளவில் ஏறியிருந்தால்கூட மொத்தம் 50 வாட்-மணிதான், 10 வாட் விளக்கு ஒன்று ஐந்து மணி நேரம் எரிவதற்குச் சரி. அடுத்த சுமத்திரா எப்போது வரும் என்று காத்திருந்து பள்ளி வாசலுக்கு வெளிச்சம் தர முடியாது. விற்க வருபவரிடம், 400 வாட் என்று எழுதியிருப்பது எந்தக் காற்று வேகத்தில் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். நொடிக்கு 11, 12 மீட்டர் என்று பதில் வந்தால், அது நம் ஊரில் கூரை பறக்கும் காற்று என்று சொல்லுங்கள்.

கேள்வி: பெர்ஹெந்தியான் தீவில் காற்றாலைகளைப் பார்த்த நினைவிருக்கிறது. நம் நாட்டிலும் முடியும் என்பதற்கு அது சான்றில்லையா?
– வாசகர், தைப்பிங்

பதில்: சான்றுதான், கிழக்குக் கரைக்கு. பெர்ஹெந்தியான் கெச்சிலில் 2007-ஆம் ஆண்டில் 100 கிலோவாட் காற்றாலைகள் இரண்டும் 100 கிலோவாட் சோலார் தகடுகளும் டீசல் ஜெனரேட்டரோடும் பேட்டரியோடும் சேர்த்து அமைக்கப்பட்டன. நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச்வரை வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலிலிருந்து நேராக மோதும்; அதே மாதங்களில்தான் வானம் இருண்டு தகடுகள் சோர்ந்திருக்கும். சேர்க்கைக்கு ஏற்ற பருவம்தான். என்ன வேடிக்கை என்றால், காற்று மிகுந்த அந்த மாதங்களில்தான் கடல் கொந்தளிப்பால் விடுதிகள் மூடிக் கிடக்கும், பயணிகள் வரமாட்டார்கள். ஆள் நிறைந்திருக்கும் ஜூன், ஜூலையில் காற்று குறைவு. மேலும் உப்புக்காற்றில் சுழலும் இயந்திரத்துக்குப் பழுது அடிக்கடி வரும், உதிரிப்பாகமும் ஆளும் படகில் வர வேண்டும். 2011-ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின் கீழ் சிறப்பு விலை கொடுத்து மின்சாரம் வாங்கும் திட்டம் வந்தபோது, சூரிய ஒளி, உயிர்வாயு (கழிவிலிருந்து எடுக்கும் பயோகேஸ்), உயிர்த்திரள் (எரிக்கத்தக்க தாவரக் கழிவு), சிறுபுனல் (சிறு நீர்மின்சாரம்) ஆகியவற்றுக்கு இடம் கிடைத்தது; காற்றுக்குக் கிடைக்கவில்லை. அந்த முடிவில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்தவர். நெடுந்தீவு எங்கள் பூர்வீகம். அங்கே காற்றும் சூரியனும் சேர்ந்த மின்நிலையம் வரப்போவதாக உறவினர் சொல்கிறார்கள். அதுவும் வீண்தானா?
– வாசகி, தெலுக் இந்தான்

பதில்: வீண் இல்லை, அம்மா, அது பொருத்தமான இடம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் இந்திய அரசின் நன்கொடையில் கூட்டு மின்நிலையங்கள் அமைக்க 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று தீவுகளுக்கும் சேர்த்துச் சோலார் 1,700 கிலோவாட், காற்று 530 கிலோவாட், பேட்டரி 2,400 கிலோவாட்-மணி, துணைக்கு 2,500 கிலோவாட் டீசல் என்பது திட்டம். இலங்கையின் பெரிய மின்கம்பி வலை எட்டாத தீவுகள் அவை. டீசலைப் படகில் ஏற்றிச் சென்று ஜெனரேட்டர் ஓட்டித்தான் விளக்கெரிகிறது. பாக்கு நீரிணைப் பக்கம் காற்று பலமானது. பக்கத்து மன்னாரில் 103.5 மெகாவாட் காற்றாலைத் தொகுதியே இயங்குகிறது.

இந்தக் கணக்கில் டீசல் இன்னும் இருப்பதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் பழைய தோட்டத்தில் எஞ்சின் வீடு ஒன்று இருந்தது. மாலை ஆறரைக்கு ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். இரவு பத்துக்குச் சற்று முன்னால் விளக்கு ஒருமுறை மங்கி எரியும், அதுதான் எச்சரிக்கை, பாயை விரித்துக்கொள்ள வேண்டும். நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மண்ணெண்ணெய் விளக்குதான். அந்தத் தீவுகளில் காற்றும் வெயிலும் பேட்டரியும் சேர்ந்து டீசல் ஓடும் மணி நேரத்தைக் குறைத்தாலே பெரிய செய்தி. மூன்றும் கைவிட்ட ஓர் இரவுக்கு டீசல் துணைக்கு இருப்பதில் தவறில்லை.

கேள்வி: அறிவியல் விழாவுக்குக் காற்றாலையும் சோலாரும் சேர்ந்த மாதிரி ஒன்றைச் செய்யத் திட்டமிட்டோம். நம் வட்டாரத்துக்குப் பொருத்தமாக வேறு எதையாவது செய்யச் சொல்கிறார் ஆசிரியை. சூரியனுக்கு இங்கே துணை யார், ஐயா?
– படிவம் 5 மாணவி, சுங்கை சிப்புட்

பதில்: ஆசிரியைக்கு என் வணக்கத்தைச் சொல். சூரியனுக்குத் துணைகள் இரண்டு பேர் உன் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள், மகளே. ஒன்று செம்பனை ஆலை. ஒரு டன் செம்பனைக் குலையை ஆட்டினால் ஏறத்தாழ 0.65 கன மீட்டர் கழிவுநீர் வரும். அதைத் திறந்த குளத்தில் விட்டால் மீத்தேன் வாயு வானத்துக்குப் போய்ப் புவியைச் சூடாக்கும். குளத்தை மூடி வாயுவைப் பிடித்து எஞ்சினில் எரித்தால், என் கணக்குப்படி ஒரு டன்னுக்கு 35 யூனிட் அளவில் மின்சாரம் எடுக்கலாம். வாயுவைச் சில மணி நேரம் தேக்கி வைத்து இருட்டிய பின் எரிக்க முடியும் என்பதுதான் இதில் முக்கியம். பழத்தின் நாரையும் கொட்டையின் ஓட்டையும் கொதிகலனில் எரித்து ஆலைகள் தமக்கு வேண்டிய மின்சாரத்தை வெகுகாலமாகவே தயாரித்துக்கொள்கின்றன. நான் சோறு தின்றது அந்த நெருப்பில்தான்.

இன்னொன்று தண்ணீர். கோலாகங்சாருக்கு வடக்கே பேராக் ஆற்றில் நிற்கும் செண்டெரோ அணை 1930-ஆம் ஆண்டிலிருந்து மின்சாரம் தருகிறது. பகலில் வெயில் வேலை செய்யும்போது அணையின் மதகை அடக்கி வைத்து, மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கும் குளிர்சாதனமும் போடும் நேரத்தில் திறந்தால், அணை முழுவதும் ஒரு பேட்டரியாகிவிடுகிறது. 2023-இல் நம் அரசாங்கம் வெளியிட்ட எரிசக்தி மாற்றத் திட்டத்தில், நீர்மின் அணைகளின் நீர்ப்பரப்பில் சோலார் தகடுகளை மிதக்கவிட்டு 2,500 மெகாவாட் எடுக்கும் யோசனை இடம்பெற்றிருக்கிறது. அணைக்கென்று ஏற்கெனவே இழுத்த கம்பியையே தகடுகளும் பயன்படுத்திக்கொள்ளும். பாடாங் செராய் ஆசிரியருக்குச் சொன்ன அதே கணக்குதான் இது, காற்றின் இடத்தில் தண்ணீர் வந்திருக்கிறது.

ஆகவே மாதிரிக்கு ஒரு வாளித் தண்ணீரை ஒரு மீட்டர் உயரத்தில் வைத்து, அடியில் சிறு சக்கரமும் டைனமோவும் பொருத்து. பக்கத்தில் ஒரு சிறு சோலார் தகட்டை வைத்து மேலே மேசை விளக்கைப் பிடி. விளக்கை அணைத்தவுடன் வாளிக் குழாய் திறக்க வேண்டும், எல்இடி அணையாமல் எரிய வேண்டும். நடுவர்கள் கேட்பதற்கு முன்பே ஒரு கணக்கை எழுதி ஒட்டிவிடு: 10 லிட்டர் தண்ணீர் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைப்பது 98 ஜூல்தான். உன் டைனமோ அதில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடித்தால், 0.06 வாட் எல்இடி ஒன்று ஐந்தரை நிமிடம்போல் எரியும். வாளியைத் திரும்ப நிரப்ப ஒரு தோழியைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்.